அடுத்தவர் முகத்தில் ருசி

அத்தியாயம் 9

படகை விட்டு இறங்கும்போது, "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மேடத்துக்கு பதில் சொல்லணும் பா" என்று மிண்டா சொன்னாள் அல்லவா? அந்த நாளை விடிந்துவிட்டது.

பிலிப்பைன்ஸின் கமிகின் தீவில் மழை இல்லை. காற்று மட்டும் பலமாக இருந்தது. வாடகை அறையின் ஓலைத் தட்டி விடாமல் படபடத்தது.

ஹெர்மோ முதலில் எழுந்துவிட்டான். மனைவியும் மகளும் தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் ஒரே அறையில் தூங்கி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. மிண்டா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனபோது ஜோவே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

மிண்டாவின் விடுமுறை முடியப் போகிறது. திரும்பி வருவாளா மாட்டாளா என்று குவைத் மேடம் கேட்கிறாள். 'போகாதே' என்று ஹெர்மோ வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தீவுக்குக் கூட்டி வந்திருக்கிறான். நல்ல நல்ல இடமாகப் பார்த்து அவளைச் சாப்பிட வைத்தால், தானாகவே இருந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு காரணம் இருந்தது. காகயான் பஸ் நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் சொல்லி அனுப்புகிற வேலை அவனுக்கு. எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன ருசி என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமை மிண்டாவுக்கு அரை நாள் ஓய்வு. அன்றைக்கு ஹெர்மோ ஒரு புதுக் கடைக்குப் போய், சாஸ் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிடுவான். ஒவ்வொரு வாய்க்கும் ருசி சொல்லுவான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் குடும்பம் குடும்பமாக இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்தது மிண்டாவுக்குத் தெரியாது. போன வருஷம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு ஹெர்மோவுக்கு வாசனை போய்விட்டது. ருசியும் கூடவே போய்விட்டது. உப்பு கொஞ்சம், காரத்தின் எரிச்சல் கொஞ்சம், அவ்வளவுதான் மிச்சம். டாக்டர், "வந்தாலும் வரும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை.

*

"நல்ல கடை எதுன்னு கேக்காத. அவன் மச்சான் கடைக்குக் கூட்டிட்டுப் போயிடுவான்" என்று ஹெர்மோ மனைவியின் காதில் சொல்லிவிட்டு, மூன்று சக்கர வண்டிக்காரனிடம் குனிந்தான். "தம்பி, இன்னிக்குக் காலைல நீ என்ன சாப்ட்ட?"

"சாப்பிடல மனோங்." அண்ணன் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "பொண்டாட்டி கோவமா இருக்கா."

"சரி, கோவமா இல்லாத அன்னைக்கு?"

"அன்னைக்கு வீட்ல."

ஜோவே சிரித்துவிட்டாள். வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். "ரொம்ப கோவமா இருந்தா துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு பானைக்கடை. மூட்டை தூக்குறவங்க எல்லாம் அங்கதான். சீக்கிரம் போகணும், பானை கழுவிக் கவுத்துடுவாங்க."

"ஏறுங்க" என்றான் ஹெர்மோ.

கடையில் நீளமான மரப்பலகை மேல் அலுமினியப் பானைகள் வரிசையாக இருந்தன. இங்கே யாரும் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், பிடித்ததைக் கை காட்டுவார்கள்.

மிண்டா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு பா. போன்ல சொல்ற மாதிரி சொல்லு. நான் கண்ண மூடிக்கிறேன்."

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். நடுவழியில், மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில், ஒரு சின்னப் பெண் மாதிரி நின்றாள்.

ஹெர்மோ பானைகளைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பள்ளிக்கூட டீச்சரைப் பார்த்தான். அவள் முதல் மூடியைத் தூக்கி உடனே மூடினாள். இரண்டாவது மூடியையும் மூடினாள். மூன்றாவது மூடியைத் தூக்கியபோது அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

ஒரு வருஷமாக அவன் கடை கண்டுபிடிப்பது இப்படித்தான். அடுத்தவர் முகத்தில்.

மூன்றாவது மூடியைத் தூக்கினான். வெள்ளையாகக் குழம்பு, முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல், இஞ்சித் துண்டு, காளான். "சுரோல். கோழி, தேங்காப்பால்ல வெந்திருக்கு. நாட்டுக்கோழி மா. எலுமிச்சைப்புல் தூக்கலா இருக்கு."

"ம்ம். அப்புறம்?"

"மழை நின்ன உடனே நம்ம கிணத்தடில ஒரு வாசனை வருமே, அது மாதிரி."

மிண்டா கண்ணைத் திறந்தாள். கண் ஈரமாக இருந்தது. "அங்க எவ்ளோ காசு குடுத்தாலும் இது கிடைக்காது பா."

மூன்று பேரும் ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஹெர்மோவின் வாயில் சோறு சூடாக இருந்தது, மெத்தென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கோழி நார்நாராகப் பிரிந்தது பல்லுக்குத் தெரிந்தது. "ஆகா" என்றான். எந்த இடத்தில் 'ஆகா' சொல்ல வேண்டும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது.

மிண்டா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். "லேசா அடி பிடிச்சிருக்கு இல்ல?"

ஹெர்மோவின் கை தட்டில் நின்றது. "அதான் ருசியே" என்றான்.

"அடி பிடிச்சா பக்கத்துல வர மாட்டியே நீ. அன்னைக்கு எங்கம்மா வச்ச குழம்ப..."

"அம்மா, இத சாப்ட்டுப் பாரு" என்று ஜோவே குறுக்கே தன் கரண்டியை நீட்டினாள். "வாழைப்பூ. செமையா இருக்கு."

பேச்சு மாறிவிட்டது. ஹெர்மோ தண்ணீர் குடித்தான். மகள் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தான். ஏன் பார்க்கவில்லை என்று யோசிக்கவில்லை.

*

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அவனுக்குத் தனிமை அதிகமாகத் தெரிந்தது. போனில் பரவாயில்லை. போனில் அவள் அவன் சொல்வதைத்தான் கேட்டாள். இங்கே அவளுக்கே நாக்கு இருக்கிறது. அவள் ஒரு இடத்தில் இருக்கிறாள், அவன் வேறு ஒரு இடத்தில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. காய்ச்சல் விட்ட முதல் வெள்ளிக்கிழமையே சொல்லத்தான் நினைத்தான். போனை எடுத்தவுடன் மிண்டா, "இன்னிக்கு என்ன பா, சீக்கிரம் சொல்லு, வாரம் பூரா காத்துட்டு இருக்கேன்" என்றாள். அவன் வாயில் இருந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வேறு ஒரு பயம் வந்தது. அவள் காத்துக்கொண்டிருப்பது எனக்காகவா, என் நாக்குக்காகவா? நாக்கு போய்விட்டது என்று சொன்னால் வெள்ளிக்கிழமை என்ன பேசுவாள்? கரண்ட் பில்லா?

அந்தக் கேள்விக்கு அவனுக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

"மத்தியானம் கினிலாவ்" என்று மிண்டாவிடம் சொல்லியிருந்தான். தென்னங்கள் வினிகரில் பச்சை மீனை ஊறவைத்து, இஞ்சி, வெங்காயம், மிளகாய் போட்டுக் கலக்குவது. மிண்டாவுக்கு உயிர். குவைத்தில் ஒரு தடவை ஐஸ் மீனை வைத்து அதைச் செய்து பார்த்துவிட்டு, போனில் ஒன்றும் பேசாமல் அழுதிருக்கிறாள். சாயங்காலம் அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் வாயில் நல்ல கினிலாவ் இருக்க வேண்டும்.

"நீ கடல்ல கால் நனைச்சுட்டு இரு. நானும் ஜோவேவும் மீன் வாங்கிட்டு வரோம்."

"நானும் வரேனே."

"வேணாம் மா. நீ லீவுல வந்திருக்க."

மிண்டா சிரித்தாள். "நான் வீட்டுக்கு வந்திருக்கேன்னு நினைச்சேன்" என்றாள்.

ஹெர்மோவுக்கு அது சுருக்கென்று பட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தான்.

*

காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை. கரையோரம் மீன் விற்கிற இடத்தில் பாதிப் பலகை காலி. ஒரே ஒரு கர்ப்பிணிப் பெண் மட்டும் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வாழையிலையில் தாங்கிங்கே மீன், பெரிய துண்டாக. வஞ்சிரம் மாதிரி இருக்கும். தலை இல்லை, வால் இல்லை, நடுத்துண்டு மட்டும். மேலே ஐஸ் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

முழு மீனாக இருந்தால் ஹெர்மோ ஏமாற மாட்டான். கண்ணைப் பார்ப்பான், செவுளைத் தூக்கிப் பார்ப்பான். துண்டுக்குக் கண்ணும் கிடையாது, செவுளும் கிடையாது. அவன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவள் வலது பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"எப்ப வந்தது?"

"தெரியல மனோங். வீட்டுக்காரர் வெட்டி வச்சுட்டுப் போனாரு. பாத்துக்கோங்க."

பாத்துக்கோங்க என்றால் மோந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஹெர்மோ துண்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். நன்றாக இழுத்தான். தலையை ஆட்டினான். "நல்லா இருக்கு. குடு."

அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பெரிய மனிதன், மோந்து பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்கிறான், மகளும் பக்கத்தில் நிற்கிறாள். அவள் என்ன சொல்ல முடியும்?

"வறுத்தா நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். இலையைச் சுருட்டிக் கொடுத்தாள்.

மீன் பலகை நாற்றத்தில் ஜோவேவுக்கும் தெரியவில்லை. வண்டியில் வரும்போதுதான், மடியில் இருந்த இலையிலிருந்து அந்தக் கெட்ட வாடை மெல்ல மேலே வந்தது. வண்டிக்காரன் காதில் விழுமே என்று அவள் இலையை இறுக்கி மூடினாள்.

*

மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற கொட்டகை ஒன்று, கடல் மணல் முடிகிற இடத்தில் இருந்தது. ஹெர்மோ அதைக் காலையிலேயே பார்த்து வைத்துவிட்டான். கடைக்காரியின் குடும்பமும் அதே அடுப்பில் சாப்பிடுகிறது, அதனால் நம்பலாம் என்பது அவன் கட்சி. நடத்துகிறவள் பாசிங். எல்லாருக்கும் மனாங் பாசிங், அதாவது பாசிங் அக்கா. குண்டாக, தொடையில் கரி துடைத்த பாவாடையோடு இருந்தாள்.

இலையைப் பிரித்தாள். மூக்கு ஒரு தடவை சுருங்கியது. உடனே முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"நல்ல மீன், மனாங்" என்றான் ஹெர்மோ. "மோந்து பாத்துதான் வாங்கினேன்."

"அப்படியா" என்றாள் மனாங் பாசிங். ஜோவேவைப் பார்த்தாள். ஜோவே தரையைப் பார்த்தாள்.

"கினிலாவ் பண்ணணும். வீட்டுக்காரி குவைத்துலருந்து வந்திருக்கா. இதுக்குத்தான் வந்திருக்கோம்னு வச்சுக்கோங்களேன்."

"வினிகர் போட்டு வேக வச்சுடலாமே. இந்தக் காத்துக்கு சூடா சாப்ட்டா நல்லா இருக்கும்."

"இல்ல மனாங், கினிலாவ்."

"தபோன்-தபோன் காய் இல்லையே." அந்தக் காயைச் சுரண்டிப் பிழிந்தால்தான் இந்தப் பக்கத்தில் கினிலாவ். பச்சை வாடையை அதுதான் எடுக்கும்.

"பின்னாடி கூடைல இருக்கே."

மனாங் பாசிங் திரும்பிப் பார்த்தாள். கூடை நிறைய இருந்தது. "அது... அது எங்க வீட்டுக்காரர் யாருக்கோ சொல்லி வச்சது."

"ரெண்டே ரெண்டு குடுங்க."

"கத்தி மழுங்கிப் போச்சு மனோங்."

ஹெர்மோ சிரித்தான். "என்ன மனாங், காத்து அடிச்சா உங்களுக்கும் சோம்பலா? விடுங்க. நானே கலக்குறேன். என் கையால குடுக்கணும் அவளுக்கு."

ஜோவே அவன் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, சுட்டுடலாம்பா. அம்மாவுக்கு வயிறு ஒரு மாதிரி இருக்குன்னாங்க."

"எப்போ சொன்னா?"

"காலைல. என்கிட்ட."

"கினிலாவ் சாப்ட்டா சரியாயிடும்."

பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இது புரியும். உங்களுக்கும் புரியாமல் இல்லை. ஒரு மனிதன் எல்லார் முன்னாலும் மோந்து பார்த்து நல்ல மீன் என்று சொல்லிவிட்டான். அது கெட்டுப்போனது என்று இப்போது சொன்னால் மீனைச் சொன்னது போல ஆகாது, அவனைச் சொன்னது போல ஆகும். அதுவும் வெளிநாட்டிலிருந்து மனைவி வந்திருக்கிற நேரத்தில். அந்த வெட்கத்தை அவன் தலையில் போட யாருக்கும் கை வரவில்லை.

ஜோவே வாய் வரைக்கும் கொண்டுவந்தாள். பக்கத்து மேஜையில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.

ஹெர்மோ மீனைத் துண்டு துண்டாக வெட்டினான். காயைச் சுரண்டிப் பிழிந்தான். இஞ்சி, வெங்காயம், மிளகாய், வினிகர். கையில் இருந்த பக்குவம் போகவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மனாங் பாசிங் அடுப்புப் பக்கம் திரும்பி, எரிகிற நெருப்பை இன்னும் விசிறிக்கொண்டே இருந்தாள்.

மிண்டா பாவாடை ஓரம் நனைந்து வந்தாள். "பண்ணிட்டியா? அதுக்குள்ளயா?" என்று மணலைத் தட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடு" என்றான் ஹெர்மோ. "நான் முதல்ல சாப்ட்டு ருசி சொல்றேன். அப்புறம் நீ."

"இங்கயுமா?"

"கடைசி தடவை."

கடைசி தடவை என்று ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நீ இனிமேல் இங்கேயே இருக்கப் போகிறாய், போன் வேண்டாம் என்று சொல்ல நினைத்ததாக இருக்கலாம்.

மிண்டா கண்ணை மூடினாள். ஹெர்மோ ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான். வழவழப்பாக இருந்தது. வினிகர் கொஞ்சம் சுள்ளென்றது. மிளகாய் எரிந்தது.

"கடல் இனிக்குது மா" என்றான். "இப்பதான் கடலை விட்டு வந்த மாதிரி. அவ்ளோ சுத்தமா இருக்கு."

மிண்டா கண்ணைத் திறந்துவிட்டாள். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே திறந்துவிட்டாள். காற்று திரும்பி, கிண்ணத்தின் வாடை அவள் பக்கம் வந்திருந்தது.

முதலில் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தபடி மென்றுகொண்டிருந்தான். அவளுக்கு ரொம்பத் தெரிந்த முகம் அது. போனில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்த அதே முகம், அதே புருவம், அதே 'கடல் இனிக்குது'.

"துப்பு" என்றாள்.

"என்ன?"

"துப்பு பா." எழுந்து வந்து அவன் தாடைக்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டினாள். "முழுங்கிடாத. துப்பு."

ஹெர்மோ மகளைப் பார்த்தான். ஜோவே அழுதுகொண்டிருந்தாள். மனாங் பாசிங்கைப் பார்த்தான். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மனைவியின் கையில் துப்பினான்.

*

மனாங் பாசிங் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

மிண்டா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எப்போலருந்து?"

"காய்ச்சல் வந்துச்சுல்ல. அப்போலருந்து."

"வாசனையா, ருசியா?"

"ரெண்டும்."

"அது போன வருஷம் பா."

"ஆமா."

"வெள்ளிக்கிழமை எல்லாம்?"

ஹெர்மோ தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான்.

மிண்டா கடலைப் பார்த்தாள். யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "அந்த வீட்ல துணி காயப்போடுற பால்கனில உக்காந்துதான் உன்கூட பேசுவேன். கைல காஞ்ச ரொட்டி இருக்கும். நீ ஒரு வாய் வைப்ப, நானும் ஒரு வாய் வைப்பேன். நீ மெல்லும்போதுதான் நானும் மெல்லுவேன். சேந்து சாப்டுறோம்னு நினைச்சுக்குவேன்."

"கோவமா மா?"

"இல்ல. யார்கூட சாப்ட்டேன்னு யோசிக்கிறேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹெர்மோ நினைத்தான்.

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. மேடம். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மிண்டா போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணலில் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினாள். காற்றில் ஒரு சொல் கூட இங்கே வரவில்லை.

"எனக்குத் தெரியும்பா" என்றாள் ஜோவே.

ஹெர்மோ திரும்பினான்.

"வீட்ல குழம்பு தீஞ்சு சமையல்ரூம் பூரா புகை. நீ பக்கத்து ரூம்ல உக்காந்து மேட்ச் பாத்துட்டு இருந்த. நான் கடைலருந்து வந்து அடுப்ப நிறுத்தினேன். நீ என்னைப் பாத்து, என்ன சீக்கிரம் வந்துட்டன்னு கேட்ட."

"ஏன் கேக்கல என்கிட்ட?"

"நீ ஏன் சொல்லல?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட பேசுறப்போ மட்டும்தான் நீ சிரிப்ப. அத நான் எப்படிக் கெடுக்கிறது? மத்த நாள்ல எல்லாம் நீயும் நானும் டிவிய பாத்துட்டு சாப்டுவோம். உப்பு இருக்கா இல்லையான்னு கூட கேக்க ஆள் இல்ல எனக்கு."

ஒரே வீட்டில் இருந்த மகளும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. மகள் கையைத் தொடப் போனான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

மிண்டா திரும்பி வந்தாள். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மனாங் பாசிங் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். சின்ன மீன் போட்ட ரசம் மாதிரி, முருங்கைக்கீரை மிதந்தது. அது விற்பனைக்கு வைத்தது இல்லை, அவள் வீட்டுச் சாப்பாடு. "நாங்க சாப்பிட உக்காரப் போறோம். வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

யார் சாப்பிட்டாலும் எதிரில் இருப்பவரை இப்படிக் கூப்பிடுவது இங்கே வழக்கம். இப்போதுதான் சாப்பிட்டோம் என்று மறுத்துவிடுவதும் வழக்கம். மிண்டாவும் ஜோவேவும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்கள்.

"குடுங்க மனாங்" என்றான் ஹெர்மோ. "பசிக்குது."

மனாங் பாசிங் ஒரு விநாடி திகைத்தாள். அப்புறம் பெரிய கரண்டியாகப் போட்டாள். "நேத்துக் காலைல எங்க வீட்டுக்காரர் பிடிச்சது, உப்புல போட்டு வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தன் ஆட்கள் இருந்த மேஜைக்குப் போய்விட்டாள்.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். இந்த முறை ஹெர்மோ 'ஆகா' சொல்லவில்லை. சூடாக இருந்தது. கீரை நாக்கில் ஒட்டியது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. மிண்டாவின் முகத்தைப் பார்த்தான், பழக்கம். அவள் முகத்தில் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. கண் மட்டும் சரியில்லை.

"என்ன சொன்ன மேடத்துகிட்ட?"

மிண்டா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். "வரேன்னு சொல்லிட்டேன்."

ஜோவேவின் கரண்டி தட்டில் இடித்தது.

"நான் பொய் சொன்னதாலயா?" என்று கேட்டான் ஹெர்மோ.

"இல்ல பா." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நீ போன வருஷம் உண்மைய சொல்லிருந்தா அன்னைக்கே கிளம்பி வந்திருப்பேன். எனக்கு உடம்பு சரியில்ல, சாப்பாடே இறங்கல மா, வந்துடுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் அந்த வார்த்தைக்குத்தான் எல்லா வெள்ளிக்கிழமையும் போன் எடுத்தேன். நீ என்னடான்னா, நாங்க இங்க நல்லா இருக்கோம், நல்லா சாப்டுறோம்னு காட்டிட்டே இருந்த. சரி, அவங்களுக்கு என்ன குறை, நான் இங்கயே இருக்கலாம்னு நினைச்சுட்டேன்."

ஹெர்மோ கரண்டியைக் கீழே வைத்தான். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இப்போதும் தொண்டையில்தான் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது மேலே வரவில்லை. இப்போது சொன்னால், மூக்கு போனவன் என்று பரிதாபப்பட்டு இருந்துவிடுவாளோ? அப்படி இருந்தால் அது இருப்பதாகுமா?

"சாப்பிடு. ஆறிடும்" என்றாள் மிண்டா.

அவன் சாப்பிட்டான்.

கவிழ்த்து வைத்த போன் மேஜையில் அதிர்ந்தது. மிண்டா புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் மேடம். "டிக்கெட் தேதி கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஈரக் கையைப் பாவாடையில் துடைக்கப் போனாள்.

அதற்குள் ஜோவே போனை எடுத்துவிட்டாள்.

"ஜோவே, குடு."

ஜோவே கொடுக்கவில்லை. எழுந்து இரண்டடி பின்னால் போய், அப்பாவையும் அம்மாவையும் ஒரு தடவை பார்த்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"மேடம்," என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "நான் அவங்க பொண்ணு பேசுறேன். எங்க வீட்ல யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன், கேளுங்க."